பழைய ரேஸ் சைக்கிளுக்கு ஒற்றைக் கியர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அப்பா 1980களில் ஓட்டிய ரேஸ் சைக்கிள் ஒன்று வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. இரும்பு ஃப்ரேம், முன்னால் இரண்டு பற்சக்கரங்கள், பின்னால் ஆறு. கியர் மாற்றி துருப்பிடித்து இறுகிவிட்டது. அதை ஒற்றைக் கியராக மாற்றி, ஆயர் ஈத்தாமிலிருந்து கொம்தார் அருகிலுள்ள என் வேலையிடத்திற்கு ஓட்டிச் செல்ல விரும்புகிறேன். 200 மலேசிய வெள்ளிக்கு மேல் என்னால் செலவு செய்ய இயலாது. இது நடக்கக்கூடிய காரியமா? எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அந்த 200 வெள்ளியில் பெரும்பங்கு கியர் மாற்றத்திற்குப் போகக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கியராக மாற்றுவது பெரும்பாலும் கழற்றும் வேலை. கழற்றுவதற்குப் பணம் தேவைப்படுவதில்லை. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற சைக்கிளில் டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கம்பி ஆகிய நான்கும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயனற்றுப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அதில் காற்று நிரப்பிச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிரேக் கட்டை, மழையில் ரிம்மின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே இந்த நான்குக்கும் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில்தான் ஒற்றைக் கியரைப் பற்றி நினைக்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. முதலாவது, ஃப்ரேம். கடற்காற்று வீசும் நம் பினாங்குத் தீவில் இரும்பு ஃப்ரேம் வெளியில் பளபளத்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். கிராங்க் (மிதிகளைத் தாங்கும் கரம்) அச்சைச் சுற்றியுள்ள பகுதியையும், குழாய்கள் சேரும் இணைப்புகளையும், வண்ணம் குமிழி விட்ட இடங்களையும் நன்றாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமான துரு கவலைக்குரியதல்ல. விரிசலோ, குத்தினால் உள்வாங்கும் இடமோ இருந்தால் அந்த ஃப்ரேமை அத்துடன் விட்டுவிடுங்கள். சீட்டுக் கம்பியும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்பதையும் அன்றே பாருங்கள். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள்கள் ஊறவிட வேண்டும். சுத்தியலை எடுக்க அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது, பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு. ஒற்றைக் கியர் சைக்கிளில் செயினைத் தானாக இழுத்துப் பிடிக்கும் கியர் மாற்றி இருக்காது. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் செயினின் தொய்வை நீக்க முடியும். அதற்குப் பிளவு கிடைமட்டமாகவோ சற்றே சாய்வாகவோ நீண்டிருக்க வேண்டும். 1980களின் இரும்பு ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்பதால், இந்த வேலைக்குப் பழைய சைக்கிள் புதியதைவிட ஏற்றதாகிறது. உங்களுடையதில் பிளவு நேராக மேல்நோக்கி இருந்தால், அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

மூன்றாவது, ரிம். ஒரு சிறிய காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு ரிம்; ஒட்டாவிட்டால் அலுமினியம். இது அற்பமான சோதனை போலத் தோன்றினாலும் உங்கள் செலவுத் திட்டம் முழுவதையும் இதுவே தீர்மானிக்கிறது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் வெகுதூரம் ஓடும். ஆயர் ஈத்தாமிலிருந்து நகரத்துக்கு வரும் பாதை இறக்கமான பாதை. அதில் வாகன நெரிசல் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை மழைக்கும் குறைவில்லை. இரும்பு ரிம்மோடு அந்தப் பாதையில் தினமும் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படியானால், பழைய பின்சக்கரத்தைத் திருத்தப் பணம் போடாமல், ஒற்றைக் கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பொருத்திய அலுமினியச் சக்கர ஜோடி ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் தேடுங்கள். பிரேக் சிக்கலும் கியர் மாற்றமும் ஒரே செலவில் தீர்ந்துவிடும். லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும், பழைய சைக்கிள்களை வாங்கி விற்கும் கடைகளிலும் பொறுமையாகத் தேடலாம். தவுக்கேயிடம் விலை கேட்பதற்கு முன் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். அச்சைக் கையில் பிடித்து ஆட்டி, கடகடக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்காலத்து ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் 27 அங்குலச் சக்கரம் இருக்கும். இன்று கிடைப்பவை பெரும்பாலும் 700சி. பெயர்கள் நெருக்கமாகத் தோன்றினாலும் முன்னதன் டயர் அமரும் விட்டம் 630 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 622 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. 700சி சக்கரத்தைப் பழைய ஃப்ரேமில் மாட்டலாம். ஆனால் ரிம் 4 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடுவதால் பிரேக் கட்டையையும் அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டியிருக்கும். பிரேக் கரத்திலுள்ள நீள்துளையில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். புதுச் சக்கரத்தின் அச்சு ஃப்ரேமின் இடைவெளியைவிடக் குறுகலாக இருந்தால் கவலை வேண்டாம். 120 மில்லிமீட்டர் ஹப்பை 126 மில்லிமீட்டர் ஃப்ரேமில் மாட்டும்போது இருபுறமும் 3 மில்லிமீட்டர் வளையங்களைச் சேர்த்தால் போதும்.

காந்தம் ஒட்டவில்லை, சக்கரமும் கோட்டமில்லாமல் சுழல்கிறது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்தக் காலத்து ஹப்பில் ஆறு பற்சக்கரங்களும் ஒரே ஃப்ரீவீலாக (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் அமைப்பு) மரையில் திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஒற்றைப் பற்சக்கர ஃப்ரீவீலைத் திருகிவிடலாம். கழற்றுவதுதான் கடினம். ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கொண்டே வந்திருப்பதால், நாற்பதாண்டு இறுக்கத்தை வெல்ல அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். அந்தக் கருவியும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஷிமானோவுக்கு உரியது சன்டூருக்குப் பொருந்தாது. ஒரே ஒருமுறை பயன்படப்போகும் கருவியை வாங்குவது வீண்செலவு. சக்கரத்தைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சிறு கூலி கொடுத்துக் கழற்றிக்கொள்ளுங்கள். ஆரக்கம்பிகளைப் பிரித்த பின்னர் இதைக் கழற்றவே முடியாது என்பதால், ரிம் மாற்றும் எண்ணம் இருந்தாலும் முதலில் ஃப்ரீவீல் வெளியே வரட்டும். புதியதைத் திருகும்போது மரையில் கிரீஸ் தடவ வேண்டும். கையாலேயே சில சுற்றுகள் தடையின்றிப் போகவேண்டும். தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் மரையின் அளவே வேறு. வலிந்து திருகினால் ஹப் பாழாகிவிடும்.

முன்னால் உள்ள இரண்டு பற்சக்கரங்களில் உட்பக்கத்ததைப் பயன்படுத்துங்கள். ஒற்றை ஃப்ரீவீல் ஹப்பை ஒட்டி உட்புறமாக அமர்வதால், ஆறு கியர் ஹப்பில் அது முன்னாலுள்ள உட்பக்கப் பற்சக்கரத்தோடு ஏறக்குறைய நேர்க்கோட்டில் வந்துவிடும். நீளமான அடிக்கோலை முன் பற்சக்கரத்தின் பக்கவாட்டில் வைத்துப் பின்னோக்கிப் பாருங்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் விலகல் பொறுத்துக்கொள்ளத்தக்கது. அதற்கு மேல் விலகினால், அச்சின் வலப்புற வளையங்களில் ஒன்றை இடப்புறத்திற்கு மாற்றி, ரிம்மை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வெளிப்புறப் பற்சக்கரத்தைக் கழற்றுவது கட்டாயமல்ல. கழற்றினால் பழைய திருகாணிகள் நீளமாகிவிடும். குட்டையானவை வாங்கவேண்டும், அல்லது மெல்லிய வளையம் சேர்க்கவேண்டும். சில மலிவு கிராங்குகளில் அது தறையப்பட்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டால் செயின் வெளிப்பக்கம் நழுவாமல் தடுக்கும் வேலையையாவது செய்யும். அழகுக்காகக் கழற்ற நினைப்பவரின் ஆசை எனக்குப் புரிகிறது; 200 வெள்ளிக்குள் அழகு கடைசி வரிசையில் நிற்கட்டும்.

இனி எத்தனை பல் என்ற கேள்வி. உங்கள் உட்பக்கப் பற்சக்கரம் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்தில் 52-42 பரவலான இணை. பின்னால் 18 பல் வைத்தால் மிதியின் ஒரு முழுச் சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 5 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 24 கிலோமீட்டர். 16 பல் வைத்தால் அதே மிதிக்கு மணிக்கு 27 கிலோமீட்டர் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நின்று புறப்படும்போது கால் அதற்கு விலை கொடுக்கும். காலையில் நகரத்தை நோக்கி இறங்கும்போது 16 இனிக்கும். மாலையில், வேலை முடிந்த களைப்போடு, மலையடிவாரத்தை நோக்கித் திரும்பும் உங்களுக்கு 18 பல்லே பொருத்தம் என்பது என் கருத்து. வாங்குவதற்கு முன் கியர் உள்ள சைக்கிள் ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்று, இதற்கு நெருக்கமான ஒரு கியரில் வைத்து, அதைத் தொடவே மாட்டேன் என்ற உறுதியோடு போகவர ஓட்டிப் பாருங்கள். எந்த அட்டவணையும் சொல்லாததை உங்கள் முழங்கால் சொல்லிவிடும்.

செயினைப் புதிதாகவே வாங்குங்கள். ஆறு முதல் எட்டு கியர் வரைக்குமான சாதாரணச் செயின் போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. ஃப்ரீவீலும் 3/32 அங்குல அகலத்தில் இருக்கட்டும். 1/8 அங்குலச் செயின் 3/32 பற்சக்கரத்தில் ஓடும். 3/32 செயின் 1/8 பற்சக்கரத்தில் உட்காராது. சக்கரத்தைப் பிளவின் நடுவில் வைத்துச் செயினை அளந்து வெட்டுங்கள். தேயத் தேயச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டுமல்லவா? இறுக்கும்போது செயினின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். முன் பற்சக்கரம் எதுவும் முழு வட்டமாக அமைவதில்லை. கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் இந்த அரை அங்குலத்தைப் பாருங்கள்.

பழைய ரேஸ் ஹேண்டிலில் நேர்ப்பிடிக்குக் கீழே கூடுதலாக ஒரு குட்டைப் பிரேக் பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். அது எளிதில் வளைந்து கொடுத்துப் பிரேக்கின் வலுவைக் குறைக்கிறது.

கேள்வி: என்னுடையது அவ்வளவு பழையதல்ல. அலுமினிய ஃப்ரேம், பின்னால் எட்டு கியர், அச்சு உட்காரும் பிளவு நேராக மேல்நோக்கி இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் சைக்கிளோடு தீவுக்கு வந்து போகிறேன். கியர் அடிக்கடி தாவுகிறது. கடையில் சரிசெய்தாலும் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம் என்று தோன்றுகிறது.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கழற்றுவதற்கு முன், கியர்க் கம்பியையும் அதன் உறையையும் மாற்றிப் பார்த்தீர்களா? நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு மிகப் பொதுவான காரணம் உறைக்குள் ஏறிய துருவும் அழுக்கும்தான். திருகைத் திருப்பிச் சரிசெய்வதால் அது தீராது. அடுத்தது செயின் தேய்மானம். செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 ஆணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். இந்த இரண்டும் ஒற்றைக் கியர் மாற்றத்தைவிடக் குறைந்த செலவில் முடியக்கூடியவை.

அதன் பிறகும் மனம் மாறவில்லையானால், கையிலிருக்கும் கியர் மாற்றியைத் தூக்கி எறிய வேண்டாம். மேல்நோக்கிய பிளவில் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க வழியில்லை. செயினின் தொய்வை வாங்க ஏதாவது ஒன்று வேண்டும். அதற்கென விற்கப்படும் இழுப்பானை வாங்குவதைவிட, பழைய கியர் மாற்றியையே அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அது நீங்கள் தேர்ந்தெடுத்த பற்சக்கரத்துக்கு நேர்கீழே நிற்கும்படி அதன் நகர்வைக் கட்டுப்படுத்தும் எல்லைத் திருகுகளையும், தேவைப்பட்டால் ஒரு சாண் கம்பித் துண்டையும் கொண்டு பூட்டிவிட்டால் செலவே இல்லை. பல் எண்ணிக்கையை எப்படியோ பொருத்தி, இழுப்பான் இல்லாமலே செயினை இறுக்கமாக அமைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். புதுச் செயினில் அது அமையும். செயின் தேய்ந்து நீளும்போது தளர்ந்துவிடும், அப்போது இறுக்க வழியிருக்காது.

பின்னாலுள்ள எட்டு பற்சக்கரங்களைக் கழற்றி, ஒன்றை மட்டும் வைத்து, மற்றவற்றின் இடத்தில் வளையங்களை நிரப்ப வேண்டும். கடைகளில் கழிக்கப்பட்ட பழைய கேசட்டுகளின் (பின் பற்சக்கரத் தொகுதிகளின்) இடைவளையங்களைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் பழைய கேசட்டின் பற்சக்கரத்தையே வைத்துக்கொள்வதில் ஒரு குறை உண்டு. கியர் எளிதில் மாறுவதற்காக அதன் பற்கள் சிலவற்றைக் குறைத்தும் சரித்தும் வெட்டியிருப்பார்கள். ஒற்றைக் கியரில் அதே இடத்தில் செயின் ஏறி விழும். உயரமான, ஒரே மாதிரியான பற்கள் கொண்ட தனிப் பற்சக்கரம் ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள். வளையங்களை முன்பின் மாற்றி அடுக்கிச் செயினை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவது இந்த வகை ஹப்பில் மிக எளிது; அந்த வகையில் நீங்கள் ஆயர் ஈத்தாம் வாசகரைவிட வசதியான நிலையில் இருக்கிறீர்கள். பட்டர்வொர்த்தும் சமதளம், ஜார்ஜ்டவுன் கடற்கரைப் பக்கமும் சமதளம் என்பதால் 42-16 (முன்னால் 42 பல், பின்னால் 16 பல்) உங்களுக்குக் கடினமாக இராது.

கேள்வி: பதினாறு வயது மகன் தன் சைக்கிளை ஒற்றைக் கியராக மாற்றிக்கொண்டான். இப்போது பிரேக்கையும் கழற்றப்போவதாகச் சொல்கிறான். பந்தயச் சைக்கிள்களுக்குப் பிரேக்கே கிடையாது என்பது அவன் வாதம். இதற்கு என்ன பதில் சொல்வது?
– தந்தை, குளுகோர்

பதில்: அவன் சொல்வது வட்டரங்கப் பந்தயச் சைக்கிள்களைப் பற்றி. அவற்றில் பின் பற்சக்கரம் ஹப்போடு பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைப்பார்கள். அங்கே எதிரே வாகனமும் வராது, நாயும் குறுக்கே ஓடாது. உங்கள் மகன் பொருத்தியிருப்பது ஃப்ரீவீல் என்றால், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் ஓடும். பிரேக்கைக் கழற்றிவிட்டால் அந்தச் சைக்கிளை நிறுத்தச் செருப்பைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

பூட்டிய பற்சக்கரத்துக்கு மாறிவிடுகிறேன் என்று அவன் அடுத்துச் சொல்லக்கூடும். அதற்கெனச் செய்த ஹப்பில் பற்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க எதிர்த்திசை மரை கொண்ட பூட்டு வளையம் ஒன்று உண்டு. சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாவது மரை இல்லை; அதில் பூட்டிய பற்சக்கரத்தைத் திருகிவிட்டுக் காலால் பின்னழுத்தினால், மிகத் தேவையான நொடியில் அது கழன்று வரும். சரியான ஹப்பே வாங்கினாலும் சாலையில் முன்பிரேக் இருந்தாக வேண்டும். நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் கிடைக்கிறது.

பிரேக்கைக் கழற்றி உருமாற்றிய, பாசிக்கால் லாஜாக் எனப்படும் சைக்கிள்களைக் காவல்துறையினர் பறிமுதல் செய்து வருவதையும் அவனுக்குச் சொல்லுங்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் எட்டுப் பதின்ம வயதினர் உயிரிழந்த விபத்துக்குப் பிறகு அவற்றைப் பற்றி நாடே பேசியது. அவனுடைய சைக்கிள் வேறு வகையாக இருக்கலாம். பிரேக் இல்லாத சைக்கிளைச் சாலைத் தடுப்பில் பார்க்கும் அதிகாரி அந்த வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

கேள்வி: ஒற்றைக் கியருக்கு மாறி ஓர் ஆண்டாகிறது. நகரத்துக்குள் எந்தக் குறையும் இல்லை. பாலிக் பூலாவுக்குப் போகும் ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. மீண்டும் கியருக்குத் திரும்பாமல் இதற்கு வழி உண்டா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: துன் சார்டோன் சாலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் அணி வீரர்களுக்கே 1937இல்தான் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பு அவர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல் எண்ணிக்கை கொண்ட பற்சக்கரங்களைப் பொருத்தியிருந்தார்கள். மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். இருபுறமும் மரையுள்ள ஹப் உங்களிடம் இருந்தால் நீங்களும் அதையே செய்யலாம்: ஒருபுறம் நகரத்துக்கு 17 பல், மறுபுறம் மலைக்கு 20 பல். ஒரு பல் கூடினால் அச்சு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முன்னே வரும் என்பதால், மூன்று பல் வேறுபாட்டிற்குப் பிளவில் சுமார் 10 மில்லிமீட்டர் இடம் வேண்டும். பழைய ரேஸ் ஃப்ரேம்களில் அது பெரும்பாலும் இருக்கும். பிரேக் கட்டை ரிம்மில் படும் இடம் இந்த நகர்வால் மாறும். இரு நிலையிலும் அது டயரைத் தொடாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

முன்னால் இரண்டு பற்சக்கரம் வைக்க இடமிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 42-18 ஓர் இணை, 39-21 ஓர் இணை. இரண்டின் கூட்டுத்தொகையும் 60 என்பதால் அதே நீளச் செயின் இரண்டுக்கும் பொருந்தும், அச்சும் கிட்டத்தட்ட அதே இடத்திலேயே நிற்கும். பின்னால் இரண்டு பற்சக்கரங்கள் அடுத்தடுத்து அமைந்த ஃப்ரீவீல் இதற்கு வேண்டும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்கி, அச்சைத் தளர்த்தி, செயினைக் கையால் ஓர் இணையிலிருந்து மற்றதற்கு மாற்றி, மீண்டும் இறுக்கிக்கொள்ள வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், அச்சு நட்டுக்கான 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும் கை துடைக்க ஒரு பழந்துணியும் பையில் இருக்கட்டும்.